மூக்கெண்ணெயும் நீலக்கல்லும்

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் விளாதிமிர் பிராகின்ஸ்கியின் குழு நீலக்கல் படிகத்தை நூலில் தொங்கவிட்டு அதிரவைத்தது. அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளந்தது. கோயில் மணியின் ரீங்காரம் போல அது நெடுநேரம் நீடித்தால், ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவிகளுக்கு அந்தப் படிகம் ஆடியாக உதவும். மாஸ்கோவில் கிடைத்த அளவை மேற்கத்திய ஆய்வகங்கள் சுமார் இருபது ஆண்டுகள் எட்டவே இல்லை. ஆய்வுக்கட்டுரை எல்லோருக்கும் கிடைத்தது. முடியாதவர்களில் சிலர் ரஷ்யர்களின் அளவீட்டையே சந்தேகித்தார்கள்.

1990களின் பிற்பகுதியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் மாஸ்கோவுக்குப் போனார்கள். மாஸ்கோவிலிருந்தும் கிளாஸ்கோவுக்கு ஆள் வந்தார். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தொங்கவிடும் நூல் மெல்லிய பட்டு நூலாக இருக்கலாம், ஆனால் அதில் துளி கொழுப்பு ஏற வேண்டும். கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. பன்றிக்கொழுப்பு தடவுவது ஒரு வழி. நூலை மூக்குத் தண்டின் மேலோ காதின் பின்னாலோ ஓர் இழுப்பு இழுத்து, தோலின் எண்ணெயையே ஏற்றிவிடுவது இன்னொரு வழி. எந்த ஆய்விதழில் இதை எழுதுவது? 1999-ல் கிளாஸ்கோவிலும் அந்த அளவு கிடைத்தது. ரஷ்யர்கள் மேலிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

இதையெல்லாம் கூடவே இருந்து பதிவு செய்தவர் ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர். 1970களில் பிரிட்டனில் ஒருவகை லேசரைக் கட்ட முயன்ற ஆய்வகங்களிலும் அவர் இதையே கண்டார்: ஏற்கெனவே கட்டியவரோடு பழக்கமில்லாமல், வெறும் அச்சுக் குறிப்பை வைத்துக்கொண்டு வென்றவர் ஒருவருமில்லை. எழுத்தில் அடங்காத இந்த அறிவைப் பற்றி வேதியியலாளர் மைக்கேல் போலானி 1958-லேயே தடித்த புத்தகம் எழுதியிருந்தார்.

கைப்பழக்கம் இப்படிக் கைகொடுக்கும். கண்பழக்கம் காலை வாரியும் விடும். 1903-ல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாண்ட்லோ 'என்' (N) கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் ஒரு மங்கல் ஒளி சற்றே கூடுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. பழகிய கண்ணுக்குத்தான் தெரியும் என்றார்கள்; பிரெஞ்சு விஞ்ஞானிகள் பலருக்குத் தெரியவும் செய்தது. அவர்கள் யாரும் மோசடிக்காரர்கள் அல்லர். 1904-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அங்கே போய், இருட்டோடு இருட்டாகக் கருவியிலிருந்த அலுமினியப் பட்டகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அளவுகள் பழையபடியே வந்துகொண்டிருந்தன. பிறகு பிரான்சுக்கு வெளியே அந்தக் கதிரை யாரும் பொருட்படுத்தவில்லை.

வுட் செய்த அந்தக் குறும்பை ஈர்ப்பலைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் லைகோ கருவிகளில் அருமையான ஒரு சமிக்ஞை பதிவானது. மாதக்கணக்கில் அலசி, கட்டுரையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில், உண்மையை மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தால், சோதித்துப் பார்க்கவென்று தங்கள் ஆட்களே ரகசியமாக நுழைத்த போலி அது! ஏமாந்தவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அவ்வளவு பேரையும் கட்டிப்போடும் ஒழுங்கு வேறெப்படி வரும்?

2015 செப்டம்பர் 14 அன்று அசல் அலை வந்து சேர்ந்தபோது குழுவில் பலர் முதலில் கேட்டது, இதுவும் யாராவது நுழைத்ததா என்றுதான். இல்லை என்று பதில் வந்தது. அப்படியும் ஐந்து மாதம் சரிபார்த்த பிறகே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு அந்தக் கட்டுரை வெளியானது.