சபாஷ் சொன்னது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து உட்கார்ந்தபோது, டிவியில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ ஓடிக்கொண்டிருந்தது. 1958-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்த படம். என் மாமியாருக்கு உயிர். “பத்மினியா, வைஜயந்திமாலாவான்னு அந்தக் காலத்துல எங்க வூட்ல சண்டையே வரும்” என்று ஆரம்பித்துவிட்டார்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள், “அம்மா, இது ஒரு பிரெஞ்சு நாவல்லேர்ந்து வந்த கதை. ஸ்கூல் லைப்ரரியில சுருக்கமாப் போட்ட புத்தகம் படிச்சிருக்கேன்” என்றாள். ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ என்ற அந்த நாவலை, அலெக்சாண்டர் டூமா என்பவர் 1844-ல் பத்திரிகையில் தொடர்கதையாக எழுத ஆரம்பித்தாராம். நம் ஊர் ராஜா, சேனாபதி, இளவரசி எல்லாம் அதில் கிடையாது. அநியாயமாகச் சிறைப்பட்டவன், தப்பித்து, பணக்காரனாக வேஷம் மாறி வந்து பழிவாங்கும் அந்த இழையை மட்டும்தான் ஜெமினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம்.

விளம்பர இடைவேளைகளில் அவளே கதையைச் சொன்னாள். எட்மண்ட் ஒரு கப்பல்காரன். மெர்செதெஸ் கடலோரக் குப்பத்துப் பெண். கல்யாண விருந்து நடக்கும்போதே, பொறாமைக்காரர்கள் எழுதிய மொட்டைக் கடுதாசியால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடல் நடுவே கோட்டைச் சிறையில் 14 வருஷம். செத்துப்போன சக கைதியின் சாக்குப் பையில் தான் படுத்துக்கொண்டு, கடலில் வீசப்பட்டுத் தப்பிக்கிறான். புதையல் கிடைக்கிறது. பிறகு ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான்.

“அந்தப் பொண்ணு என்னாச்சி?” என்று கேட்டேன்.

அவன் செத்துவிட்டான் என்று நினைத்து, அவனைக் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவனையே கட்டிக்கொண்டாளாம். வேஷம் போட்டு வந்தவனை அடையாளம் கண்டுகொண்டவளும் அவள்தானாம். அவள் மகனையே கொல்லத் துணிந்தபோது, ராத்திரியோடு ராத்திரியாகப் போய்க் கெஞ்சிக் காப்பாற்றுகிறாள். இன்னொரு எதிரியின் வீட்டில் ஒன்றும் அறியாத சின்னப் பையனே செத்துப்போகிறான். அப்போதுதான் எட்மண்டுக்கு, ‘நான் செய்வது நியாயம்தானா?’ என்று மனசு ஆடிப்போகிறதாம். எனக்கு அந்தப் பிள்ளை நினைப்பாகவே இருந்தது.

அதற்குள் போட்டி நடனம் வந்துவிட்டது. சி.ராமச்சந்திராவின் இசை, பி.லீலாவும் ஜிக்கியும் குரல். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு ஆட, பி.எஸ்.வீரப்பா தொடையைத் தட்டாத குறையாக, “சபாஷ், சரியான போட்டி!” என்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது.

ஏன் என்று சொல்கிறேன், தோழிகளே. எனக்கும் என் ஓரகத்தி அக்காவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. எங்கள் மாமனார் காலமான பிறகு, மாமியாருடைய ரெட்டை வடச் சங்கிலி பெரிய மருமகளுக்குப் போய்விட்டது, எனக்குத் தெரியாமலேயே. அதை என் காதில் போட்டவர் ஒரு உறவுக்காரப் பெண். அன்றிலிருந்து எல்லாமே போட்டிதான். என் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு, ‘அவங்க பொண்ணுக்குப் போட்டதைவிட ஒரு பவுனாவது கூட’ என்று கடன் வாங்கி நகை போட்டேன். அந்த நகை இன்று அடகுக் கடையில் இருக்கிறது. மாசா மாசம் வட்டி கட்டுகிறேன். என் கணவர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். மழை மாசங்களில் உப்பு வேலை கிடையாது. அப்போது அந்த வட்டி என்ன பாடு படுத்தும் என்று எனக்குத்தான் தெரியும்.

விசேஷ வீடுகளில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, “சபாஷ், சரியான போட்டி” என்பார்கள். நானும் பெருமையாகச் சிரித்திருக்கிறேன். படத்தில் அதைச் சொல்வது யார்? வில்லன்! இரண்டு பெண்கள் மல்லுக்கட்டுவதை உட்கார்ந்து ரசிக்கிறவன். அந்த ஆட்டத்தில் யாரும் ஜெயிப்பதுகூட இல்லை.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? அக்காவின் மகளும் என் மகளும் ஒரே பஸ்ஸில் மரக்காணம் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கள் பழியை ஒன்றும் அறியாத பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் சங்கரா மீன் குழம்பு வைத்து, தூக்கில் ஊற்றிக்கொண்டு இரண்டு தெரு தாண்டிப் போனேன். அக்கா கதவைத் திறந்து அப்படியே நின்றார். நானும் நின்றேன். கடைசியில் தூக்கை வாங்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “ஏண்டி, உப்பு விளையிற ஊர்ல இருந்துகிட்டு உப்பு கம்மியா வச்சிருக்கியே” என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

சங்கிலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அது இன்னும் மனசின் ஓரத்தில் உறுத்தத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வியாழக்கிழமை பஸ்ஸில் இரண்டு பெண்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்களாம்.

தோழிகளே, உங்களையும் யாராவது “சபாஷ்” என்று தட்டிக்கொடுத்தால், கை தட்டுகிறவர் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, கூனிமேடு.