முகம் காட்டாமல் பேசும் தலைமுறை

ஜித்தாவில் என்னோடு வேலை பார்க்கும் சவூதித் தோழியின் இன்ஸ்டாகிராம் பக்கம் நிறையப் படங்கள். ஒன்றில்கூட அவள் முகம் இல்லை. கஹ்வா காப்பிக் கோப்பையைப் பிடித்த விரல்கள், கடலைப் பார்த்து நிற்கும் முதுகு, மேசைமேல் விரித்துவைத்த கவிதைப் புத்தகம், அதற்குக் கீழே ஜித்தா வட்டாரப் பேச்சில் குறும்பாக ஒரு வரி. பழகியவர்களுக்கு அதுவே போதும், அச்சு அசலாக அவள்தான்.

விளம்பர வடிவமைப்பு என் தொழில். படத்தில் எது இருக்கிறது என்பதைப் போலவே எதை விட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இங்கே பல குடும்பங்களில் ஒரு பெண்ணின் படம் அவளுடையது மட்டுமல்ல, வீட்டு மானத்தோடு சேர்ந்தது. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கோ அனுப்பினால் அண்ணனுக்கும் மாமாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணேறு பற்றிய அச்சம் வேறு. அதனால்தான் குழந்தையின் முகத்தின்மேல் இதயக் குறி ஒட்டுகிறார்கள்.

அவள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலிலேயே போனை வாங்கி, கேமராவின்மேல் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பித் தந்தார்கள். உள்ளே பெண்கள் மட்டும். அபாயாவைக் கழற்றிய பிறகு என்ன ஆடைகள், என்ன ஆட்டம்! அதில் எதுவும் வெளியே போகவில்லை. மறுநாள் அவள் பகிர்ந்தது மருதாணி இட்ட ஒரு கையையும், பக்கத்தில் மாப்பிள்ளையின் கறுப்பு பிஷ்ட் அங்கியின் ஜரிகை ஓரத்தையும்தான். கீழே ‘மாஷா அல்லாஹ்’ வரிசை கட்டி நின்றது. அதே வீட்டில் அவள் தங்கை முகம் காட்டி ஒப்பனை வீடியோ போடுகிறாள். அம்மாவோடு பல நாள் வாதாடி வாங்கிய அனுமதி அது.

இது ஜித்தாவில் ஒரு வீட்டுக் கதை. அரபு உலகமோ பெரிது, அரபு லீக்கில் மட்டும் 22 நாடுகள். பெய்ரூட்டிலோ காசாபிளாங்காவிலோ வழக்கம் வேறு. ஆனால் மொழி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு பொது அனுபவம் உண்டு. பள்ளியிலும் செய்தித்தாளிலும் இலக்கண அரபி, வீட்டில் வட்டார அரபி. நம் செந்தமிழும் பேச்சுத் தமிழும் போலத்தான். செல்போன் வந்த காலத்தில் அரபி விசைப்பலகை எளிதில் கிடைக்காததால் இளைஞர்கள் ஆங்கில எழுத்துகளோடு எண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தொண்டையிலிருந்து எழும் ஐன் ஒலிக்கு 3, அழுத்தமான ஹாவுக்கு 7. ஐன் எழுத்தைத் திருப்பிப் போட்டால் 3 போலவே இருக்கும். வீட்டுப் பேச்சு இப்படித்தான் நாள்தோறும் எழுதும் மொழியானது.

மரபை விடாமலே அதிகாரத்தைக் கேள்வி கேட்கவும் இந்த இளைஞர்களுக்குத் தெரியும். சவூதியில் பல பத்தாண்டுகள் திரையரங்குகளே இல்லை, 2018இல்தான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியை யூடியூப் நிரப்பியது. பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த 2013இல் சவூதி நகைச்சுவைக் கலைஞர் ஹிஷாம் ஃபகீஹ் பாப் மார்லி பாட்டு ஒன்றைக் கிண்டலாக மாற்றிப் பாடினார். இசைக்கருவி கூடாது என்பவர்களும் குறை சொல்ல முடியாதபடி, வாயொலியை மட்டுமே வைத்துப் பாடியது உலகமெங்கும் பரவியது. 2016இல் இயக்குநர் மாஜித் அல் ஈசாவின் ‘ஹவாஜிஸ்’ வீடியோவில் முகத்திரை அணிந்த பெண்கள் வண்ண ஆடைகளில் ஸ்கேட்டிங் போனார்கள். 2018 ஜூன் 24 அன்று பெண்கள் கார் ஓட்டுவதற்கான தடை நீங்கியது.

2021 மே மாதம் பாலஸ்தீனம் பற்றிய பதிவுகள் நீக்கப்படுவதாகப் புகார் எழுந்தபோது, இளைஞர்கள் எழுத்துகளின் புள்ளிகளை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்கள். மிகப் பழைய அரபி ஏடுகளில் அப்படித்தான் பெரும்பாலும் புள்ளியின்றி எழுதியிருப்பார்கள். கணினி திணறும், மொழி தெரிந்தவர் படித்துவிடுவார். மரபு அங்கே கவசமானது.

அதே மரபின் பெயரைச் சொல்லி அரசுகள் தண்டிக்கும்போதுதான் மனம் கொதிக்கிறது. எகிப்தின் 2018ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம் ‘குடும்ப விழுமியங்களை’ மீறுவதைக் குற்றமாக்கியது. 2020இல் டிக்டாக் வீடியோ போட்ட இளம்பெண்களுக்கு அதன்படி சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சவூதியில் ட்விட்டர் பதிவுகளுக்காக ஒரு மாணவிக்கு 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 34 ஆண்டு சிறை விதித்தது. பிறகு தண்டனை குறைந்து 2025இல் வெளியே வந்தார்.

இப்படித் தண்டிப்பதைப் பண்பாடு என்று நான் ஏற்க மாட்டேன். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அக்காவும் தங்கையும் அம்மாவோடு வாதாடி ஆளுக்கொரு முடிவுக்கு வரலாம். பண்பாடு அப்படித்தான் வளரும். சிறைக்கதவோடு யாரும் வாதாட முடியாது.