‘ஆயிரம் தேடுபொறிகளில் உங்கள் தளம்!’ - தானியங்கிக் கருவிகளுக்குப் பணம் கட்டலாமா?

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கும் கடைக்காரர் ஒருவர் புதிதாக இணையதளம் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கா மகன் உட்கார்ந்து வேர்ட்பிரஸ்ஸில் கட்டிக்கொடுத்த தளம். மூன்று வாரம் ஆகியும் கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் கூகுளில் எதுவும் வரவில்லை. “என்ன மாப்ள, நம்ம கடையவே காணோம்?” என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்த மின்னஞ்சல் வந்து விழும். ‘உங்கள் தளத்தை ஆயிரம் தேடுபொறிகளில் தானாகவே பதிவுசெய்து தருகிறோம். கட்டணம் குறைவு. பலன் உறுதி.’

தளம் தொடங்கிய பலருக்கும் இப்படி ஒரு மின்னஞ்சலோ போன் அழைப்போ வந்திருக்கும். கட்டினால் என்ன, சின்னத் தொகைதானே என்றும் தோன்றும். ஆனால், யோசிக்க வேண்டியது தொகையைப் பற்றி மட்டுமல்ல.

முதலில் அந்த ‘ஆயிரம்’. இணையம் முழுவதையும் சொந்தமாகத் துழாவிப் பட்டியல் வைத்திருக்கும் பெரிய தேடுபொறிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட்டின் பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு, தென்கொரியாவின் நேவர், இன்னும் சில. யாஹூவில் தேடினாலும் பின்னால் இருந்து வருவது பிங்கின் முடிவுகள்தான். டக்டக்கோவும் பெருமளவு பிங்கைத்தான் நம்பியிருக்கிறது. அப்படியென்றால் மீதித் தொள்ளாயிரத்துச் சொச்சம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் யாரும் போய்த் தேடாத இணைப்புப் பட்டியல்கள். யார் வேண்டுமானாலும் முகவரியை ஒட்டிவிட்டுப் போகலாம். அடுத்தவர் ஒட்டியதும் முந்தையது கீழே இறங்கி மறைந்துவிடும். பதிவுசெய்யும்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு விளம்பரங்கள் வந்து குவிவதுதான் பல சமயம் மிஞ்சும் பலன்.

ஒரு காலத்தில் தேவைதான்

இந்தக் கருவிகள் எடுத்த எடுப்பிலேயே ஏமாற்று வேலையாகத் தொடங்கியவை அல்ல. யாஹூ 1994-ல் தொடங்கியபோது அது மனிதர்கள் கையால் தொகுத்த ஓர் அடைவு. 1995-ல் அல்டாவிஸ்டா வந்தது. லைகோஸ், எக்ஸைட், இன்ஃபோசீக் என்று வரிசையாகப் பல இருந்தன. ஒவ்வொன்றிலும் ‘முகவரியைச் சேர்க்கவும்’ என்று ஒரு படிவம் இருக்கும். ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததுதான் ‘சப்மிட் இட்’ போன்ற சேவைகள். ஒருமுறை நிரப்பினால் போதும், பல இடங்களுக்கு அதுவே அனுப்பிவிடும். அதற்கு அன்று நல்ல மதிப்பும் இருந்தது. 1998-ல் லிங்க்எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் அதை வாங்கியது. அதே ஆண்டில் லிங்க்எக்ஸ்சேஞ்சையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. தேடுபொறியின் நிரல்கள் ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த பக்கத்துக்கும் தாமாகவே போய்ப் படிக்கத் தொடங்கின. கூகுளின் ‘கூகுள்பாட்’ செய்வது இதைத்தான். ஏற்கெனவே கூகுளுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தளத்திலிருந்து கடையின் தளத்துக்கு ஓர் இணைப்பு இருந்தால் போதும், யாரும் சொல்லாமலே அது வந்து பார்த்துவிடும்.

படிவங்களுக்கு வேலை குறைந்தது. குப்பைத் தளங்களை அள்ளிக் கொட்டுபவர்களின் கையில்தான் அவை அதிகம் புழங்கின. கூகுள் 2018 ஜூலையில் பொதுப் படிவத்தையே மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில், தவறாகப் பயன்படுத்தப்படுவதைக் காரணம் காட்டி பிங்கும் பெயர் தெரியாதவர்கள் முகவரி அனுப்பும் வசதியை நிறுத்தியது. தளத்தின் வரைபடக் கோப்பான ‘சைட்மேப்’ மாறியிருக்கிறது என்று எவர் வேண்டுமானாலும் கூகுளுக்குத் தெரிவிக்கும் வசதி மட்டும் கொஞ்சகாலம் மிச்சமிருந்தது. அப்படி வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை குப்பையாகவே இருக்கின்றன என்று சொல்லி, 2023-ல் அதையும் கைவிடுவதாக அறிவித்தது கூகுள். அடைவுகளின் கதையும் முடிந்துவிட்டது. யாஹூ அடைவு 2014 இறுதியிலும், தன்னார்வலர்கள் நடத்திய டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

ஆக, ‘கூகுளில் பதிவுசெய்து தருகிறோம்’ என்று சொல்லும் கருவி, தளத்தின் உரிமையாளருடைய அனுமதி இல்லாமல் போய்த் தட்டுவதற்கு அங்கே கதவே கிடையாது.

சாவியைக் கேட்டால்?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் ஆபத்தாகிறது. கதவு இல்லை என்பது இந்தச் சேவைகளை நடத்துபவர்களுக்கும் தெரியும். அதனால் சிலர் கூகுள் சர்ச் கன்சோல் கணக்கில் தங்களை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்கிறார்கள். சர்ச் கன்சோல் என்பது தளத்தின் சொந்தக்காரர் தன் தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் இலவச வசதி. அதில் உரிமையாளர் நிலையில் அனுமதி பெற்றவர் நினைத்தால், பக்கங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து சுமார் 6 மாதங்களுக்கு மறைத்துவைக்கவும் முடியும். கடைச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

‘உடனடி இண்டெக்ஸிங்’ என்று விற்கப்படும் கருவிகளில் பல, கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐ என்ற வழியைப் பயன்படுத்துகின்றன. அந்த வழி வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை வீடியோ பக்கங்களுக்கும் மட்டும்தான் என்று கூகுள் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போர்வைக் கடைக்கு அதில் இடமில்லை. பல கணக்குகளைத் திறந்து அளவு வரம்பைத் தாண்டப் பார்த்தால் அனுமதியே ரத்தாகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

தானியங்கி என்றாலே தப்பா?

அப்படியில்லை. வேர்ட்பிரஸ் 2020-ல் வெளியிட்ட 5.5 பதிப்பிலிருந்து சைட்மேப்பைத் தானாகவே உருவாக்கிக்கொள்கிறது. அதன் முகவரியை சர்ச் கன்சோலிலும், பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் ஒருமுறை கொடுத்தால் போதும். இரண்டுமே இலவசம். 2021-ல் பிங்கும் யாண்டெக்ஸும் சேர்ந்து கொண்டுவந்த ‘இண்டெக்ஸ்நவ்’ இன்னொரு வழி. பக்கம் மாறியதும் தளமே அந்தத் தேடுபொறிகளுக்குத் தகவல் அனுப்பிவிடும். கூகுள் இதில் சேரவில்லை. தினமும் பொருள்களும் விலையும் மாறும் பெரிய தளங்களுக்கு இது உதவும். இருபது பக்கத் தளத்துக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. இவற்றிலெல்லாம் தகவல் போவது தளத்திலிருந்து நேராகத் தேடுபொறிக்கு. நடுவில் காசு வாங்கும் ஆள் யாரும் இல்லை.

சரி, கடையை ஏன் காணோம்?

இதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கூகுள் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைப் போட்டுத் தேட வேண்டும். பக்கங்கள் வந்தால் தளம் கூகுளுக்குத் தெரியும் என்று அர்த்தம்; கடைப் பெயருக்கு முன்னால் வரவில்லை என்பது வேறு பிரச்சினை. அதை எந்தப் பதிவும் தீர்க்காது. ஆயிரக்கணக்கான தேடுபொறிகளில் சேர்ப்பதாகச் சொல்பவர்களைத் தவிர்க்கும்படியும், அதனால் தரவரிசை மாறுவதில்லை என்றும் கூகுளே தளம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறது.

எதுவுமே வராவிட்டால், சர்ச் கன்சோலில் முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சோதிக்கலாம். காரணத்தை அதுவே சொல்லும். பக்கம் தெரியும், ஆனால் இன்னும் படிக்கவில்லை என்று வரலாம். படித்தும் சேர்க்கவில்லை என்றும் வரலாம். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட நாலு வரி விவரங்கள் இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். புதிய தளங்களில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. வேர்ட்பிரஸ்ஸின் வாசிப்பு அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தளம் கட்டும்போது, பாதி வேலை வெளியே தெரியக் கூடாதே என்று அதில் டிக் போட்டுவைப்பார்கள். “அதை எடுக்க மறந்துட்டேன், மாமா” என்று அக்கா மகன் தலையைச் சொறிந்தால் ஆச்சரியமில்லை. அந்த டிக் இருக்கும்வரை ஆயிரம் அல்ல, பத்தாயிரம் தேடுபொறிகளுக்குப் பணம் கட்டினாலும் கூகுள் வந்து பார்த்துவிட்டு, அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

டிக்கை எடுத்துவிட்டு, சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். தினமும் அழுத்துவதால் வேகம் கூடாது.