இரு சட்ட மரபுகளும் ஒரு கூட்டுப் பட்டமும்

பௌதிகத்தை எந்நாட்டிற் கற்பினும் அதன் விதிகள் மாறுவதில்லை. சட்டமோ அரசின் எல்லையோடு நின்றுவிடுவது. ஒரு நாட்டிற் சட்டம் கற்றுத் தேர்ந்தவர் எல்லையைக் கடந்ததும் மீண்டும் மாணவராகின்றார். இந்நிலையில், இரு நாடுகளின் சட்டங்களை ஒரே கல்வித்திட்டத்திற் பயின்று இரு பட்டங்களைப் பெறும் முறை ஆராய்தற்குரியதாகின்றது.

இரு நாடுகள் என்பதும் இரு சட்ட மரபுகள் என்பதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். கனடாவின் வின்சர் பல்கலைக்கழகமும், ஆற்றின் மறுகரையில் அமெரிக்காவிலுள்ள டெற்றோயிற் மேர்சி பல்கலைக்கழகமும் இணைந்து மூன்றாண்டுகளில் இரு சட்டப் பட்டங்களை வழங்குகின்றன. அங்கு அரசுகள் இரண்டாயினும் இரு பகுதிகளின் சட்டத்துக்கும் மூலம் ஆங்கிலப் பொதுச் சட்டமே. இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் பாரிஸ் முதலாம் பல்கலைக்கழகமும் நடத்திவரும் நான்காண்டுத் திட்டம் இதனின்றும் வேறுபட்டது. மாணவர் முதல் ஈராண்டுகளை இலண்டனிலும் அடுத்த ஈராண்டுகளைப் பாரிசிலும் கழிக்கின்றனர். தீர்ப்புகளின் வழி வளர்ந்த ஒரு மரபிலிருந்து, 1804 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவையை அடித்தளமாகக் கொண்ட மற்றொரு மரபுக்கு அவர்கள் செல்கின்றனர்.

இப்பெயர்வின் தன்மையை ஓர் உதாரணம் விளக்கும். நீரில் மூழ்கும் ஒருவரைத் தமக்கு ஆபத்தின்றிக் காப்பாற்றக்கூடிய வழிப்போக்கர் வாளாவிருந்தால், பிரெஞ்சுத் தண்டனைச் சட்டக்கோவையின் 223-6 ஆம் உறுப்புரைப்படி அவர் குற்றவாளியாவார். ஐந்தாண்டுச் சிறையும் 75,000 யூரோ தண்டமும் வரை விதிக்கப்படலாம். ஆங்கிலச் சட்டத்திலோ, பெற்றோர் பிள்ளை போன்ற சிறப்புறவு இல்லாதவிடத்து, அத்தகைய பொதுக் கடமை இல்லை. இதனை இரு மக்களின் குணவேறுபாடாகக் கொள்வது பிழையாகும். இக்குற்றம் 1941 இல், நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில், விஷி அரசினாற் புகுத்தப்பட்டது. விடுதலையின் பின் 1945 இல் அது திருத்தியமைக்கப்பட்டு நிலைபெற்றது. இன்று மனிதாபிமானத்தின் குரலாய் ஒலிக்கும் விதி ஓர் ஒடுக்குமுறை அரசின் கையிற் பிறந்தது.

ஒப்பந்தச் சட்டமும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கது. நன்னம்பிக்கையுடன் பேச்சுவார்த்தை நடத்துவதாகச் செய்துகொள்ளும் உடன்பாட்டை நீதிமன்றின் மூலம் நிறைவேற்றுவிக்க முடியாதென 1992 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பேரம் பேசுவோர் தத்தம் நலனையே நாடும் எதிராளிகள் என்ற கருத்து இத்தீர்ப்பின் அடியில் உள்ளது. 2016 இல் திருத்தப்பட்ட பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவையோ பேச்சுவார்த்தையின் தொடக்கத்திலிருந்தே நன்னம்பிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கற்கும் மாணவருக்கு எந்த விதியும் இயற்கையானதாகத் தோன்றாது. விதி ஒவ்வொன்றும் யாருடைய தேவைக்காக எக்காலத்தில் எழுந்தது என்ற வினா தவிர்க்கமுடியாததாகின்றது. இக்கல்வியின் மெய்யான பயன் இதுவே என நாம் கருதுகின்றோம்.

ஆனால் இப்பயன் யாருக்குக் கிட்டுகின்றது? இரு மொழிகளிற் சட்டம் கற்கும் ஆற்றலும் இரு பெருநகரங்களில் வாழும் வசதியும் நுழைவாயிலிலேயே பலரைத் தடுத்துவிடுகின்றன. பிரித்தானியா 2020 இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின் வாயில் மேலும் குறுகியது. 2021–22 கல்வியாண்டிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒன்றிய நாட்டு மாணவருட் பெரும்பாலோர் இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டண உரிமையை இழந்தனர். பிரித்தானிய மாணவர் பாரிசிற் பயில விசாப் பெறவேண்டியவராயினர்.

அன்றியும், இரு பட்டங்கள் பெற்றவர் உடனே சட்டத்தரணியாகிவிடுவதுமில்லை. இங்கிலாந்தில் சொலிசிற்றராவதற்கு 2021 இல் அறிமுகமான தகுதித் தேர்வும் ஈராண்டுத் தொழிலனுபவமும் வேண்டும். பிரான்சில் சட்டத்தரணிகளின் பயிற்சிக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வில் தேறிப் பயிற்சியையும் நிறைவுசெய்தல் வேண்டும். இச்செலவையும் காலத்தையும் தாங்கக்கூடியவரே எல்லைகடந்த வணிகத்தின் சட்டப் பணிக்குத் தகுதி பெறுகின்றனர். எனவே, விதிகளைக் கேள்விக்குள்ளாக்கும் கல்வி, மூலதனத்தின் பயணத்தை இலகுவாக்கும் திறனாக மட்டும் சுருங்கிவிடும் அபாயம் உண்டு.

இவ்விடயம் நமக்கு அந்நியமானதன்று. இலங்கையில் ஒப்பந்தத்தின் பொது விதி ரோமன்-டச்சுச் சட்டமாக இருக்க, பொருள் விற்பனை 1896 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழி ஆங்கில மரபைத் தழுவுகின்றது. இவற்றோடு தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம் ஆகியனவும் நிலவுகின்றன. பிறர் கடல் கடந்து பெறும் ஒப்பியற் கல்விக்கான மூலப்பொருள் நம் மாணவரின் பாடநூல்களிலேயே உள்ளது. எனினும் அதனை மனனம் செய்யவேண்டிய விதித் தொகுதியாகவே நாம் பெரும்பாலும் கையளித்து வருகின்றோம். ஒவ்வொரு விதியும் எந்த ஆட்சியாளரால், எத்தேவை கருதி, யார்மீது விதிக்கப்பட்டது என வினவக் கற்பிப்போமாயின், இரு நாட்டுப் பட்டம் சிலருக்கு மட்டும் அளிக்கும் பார்வையை நம் விரிவுரை மண்டபங்களிற் பலருக்கும் அளித்தல் இயலும்.