இலக்கணம் மாறலாம், பழைய ஏடு அழியலாமா?

எழுத்தை மாற்றுவது தமிழருக்குப் புதிதன்று. 1935-ஆம் ஆண்டில் 'குடி அரசு' இதழில் பெரியார் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளுள் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. 'ஐ' என்பதை 'அய்' என்று எழுதுவதை ஏற்கவில்லை. எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்ற இதே வழக்கு கணினி மொழிகளிலும் உண்டு. வலைப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டு அதனை விளக்க முற்படுகிறேன்.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் படைத்தார். அவசரத்தில் பிறந்த மொழியில் குறைகளும் உடன்பிறந்தன. சான்றாக, 'வார்' என்ற சொல்லால் அடைப்புக்குறிக்குள் அறிவித்த மாறி, அடைப்பைத் தாண்டி வெளியிலும் உலவும். பிழைகளுக்கு இடம் தரும். குறைகளைக் களைய, நான்காம் பதிப்பில் மொழியையே பெரிதும் மாற்றியமைக்க ஒரு சாரார் முனைந்தனர். மைக்ரோசாஃப்ட், யாகூ நிறுவனத்தினர் எதிர்த்தனர். 2008-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில், அடைப்புக்குள்ளேயே அடங்கும் 'லெட்' வந்தது. ஆயினும் 'வார்' நீக்கப்படவில்லை. ஏன்?

தேசூர், ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டையின் துளைகளே சேலையில் பூவாக விழுகின்றன. பெட்டியின் ஊசி வரிசையை மாற்றிவிட்டால் பழைய அட்டைகள் அனைத்தும் வீணாகும். அதுபோலவே 'வார்' மறைந்தால், அதனை நம்பி எழுதிய எண்ணற்ற பக்கங்கள் நின்றுவிடும். அவற்றுள் பலவற்றைத் திருத்தி எழுத இன்று ஆளில்லை. பழைய 'லை'யைக் கண்டால் மனிதன் ஊகித்துப் படித்துக்கொள்வான். இயந்திரத்திற்கு ஊகம் ஏது?

இதற்கு விலையும் உண்டு. பழையது போகாமல் புதியது சேர்ந்துகொண்டே வருவதால் மொழி பருக்கிறது; புதிதாகக் கற்பவர் இரண்டையும் அறிய வேண்டியிருக்கிறது. எனினும் கற்பவரின் சுமையைவிட, எழுதிவைத்தது அழியாதிருப்பதே பெரிது என்பது என் துணிபு.

இம்மொழிக்கான முன்மொழிவுகளும் குழுவின் கூட்டக் குறிப்புகளும் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. தேர்வுக்காக விதிகளை மனப்பாடம் செய்யும் நாம், அவ்விதிகள் பிறந்த வழக்கையும் படித்தால், விதி மட்டுமன்றி அதன் காரணமும் நம் கைவசமாகும்.