தண்ணீர் தேங்கும் நிலத்தில் கூடைப் பயிர்

மழைக்காலம் வந்தால் வாரக்கணக்கில் தண்ணீர் வடியாத பள்ளக்கால் நிலம். தானியம் போட்டால் அழுகும். பழமரம் வைத்தால் வேர் செத்துப் போகும். இப்படிப்பட்ட நிலத்தை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வது? இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள சோமர்செட் மாவட்டத்து விவசாயிகள், கூடை முடையும் விளாரையே அதில் பயிராக வைத்தார்கள்.

அந்தப் பயிரின் பெயர் வில்லோ. கிரிக்கெட் மட்டை செய்யும் மரம் என்றால் எல்லோருக்கும் தெரியும். மட்டை செய்வது பெருமரமாக வளரும் ஒரு வகை. கூடைக்கு வைப்பது புதராக வளரும் வேறு வகை. நம் ஊர் ஆற்றங்கரைகளில் காணப்படும் ஆற்றுப்பாலையும் இதே குடும்பம்தான். கூடை விளாரைச் சோமர்செட் மக்கள் 'விதி' என்று அழைக்கிறார்கள். நம்முடைய தலைவிதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றாலும், அங்கே பல குடும்பங்களின் விதியை இந்தப் பயிர்தான் நிர்ணயித்து வந்திருக்கிறது.

வில்லோ விளாரில் கூடை முடைவது உலகில் பல இடங்களில் உண்டு. போலந்து நாட்டில் உண்டு. போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மதீரா தீவில் கமாச்சா என்ற ஊரே இதற்குப் பெயர் பெற்றது. காஷ்மீரத்தில் குளிர் காய அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கங்கிரி என்ற தணல் சட்டிக்கும் விளாரால் கூடு பின்னுகிறார்கள். ஆனால் விவசாயியே நட்டு, அறுத்து, பக்குவம் செய்து, தரம் பிரித்து விற்கும் முறையைச் சோமர்செட்டில் நன்றாகப் பார்க்கலாம்.

கரணை நடவு

கரும்பு போட்டவர்களுக்கு இந்தச் சாகுபடி புதிதாகத் தோன்றாது. இதற்கும் கரணைதான். முந்தைய ஆண்டு வளர்ந்த விளாரை 9 முதல் 12 அங்குல நீளத்துக்கு நறுக்கி, வசந்த காலத் தொடக்கத்தில் மண்ணில் செங்குத்தாகச் செருகுகிறார்கள். வெளியே ஓரிரண்டு அங்குலம் தெரிந்தால் போதும். வரிசைக்கு வரிசை இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலாகவும், கரணைக்குக் கரணை ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகவும் இடைவெளி விடுவதால் ஏக்கருக்குப் பதினாறாயிரம், பதினேழாயிரம் கரணைகள் பிடிக்கும். இவ்வளவு நெருக்கம் ஏன் என்று கேட்கலாம். இடம் கிடைத்தால் விளார் பக்கக்கிளை விடும். கிளை விட்ட விளார் கூடைக்கு உதவாது. நெருக்கி நட்டால்தான் வெளிச்சத்தைத் தேடி நேராக, மெலிந்து உயரும்.

முதல் ஆண்டு வருவது சொற்பம். அதையும் தரையோடு அறுத்துவிட வேண்டும். தூர் பருத்து, மூன்றாம் ஆண்டிலிருந்து முழு மகசூல் கிடைக்கும். பிறகு மறுநடவு என்ற பேச்சே கிடையாது. மறுதாம்பு மறுதாம்பாக ஒரே தூர் முப்பது ஆண்டு வரைகூட விளைகிறது. ஒரே பருவத்தில் விளார் ஆறடி, எட்டடி உயரம் போகும். சோமர்செட்டில் அதிகம் நட்டது 'பிளாக் மால்' என்ற ரகம்.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. இலையைத் தின்னும் வண்டு, அசுவினி, துரு நோய், இவற்றோடு விளாரைச் சுற்றிக்கொண்டு ஏறும் கொடிக் களை ஆகியவை உண்டு. அறுவடைக்குப் பின் வசந்தத்தில் சில வாரம் மாடுகளைத் தோட்டத்துக்குள் மேயவிடுவது பழைய வழக்கம். களையும் தீரும், முந்திக் கிளம்பிய இளந்தளிரையும் மாடு கடித்துவிடும். பயிரையா மேயவிடுவது என்று நாம் பதறுவோம். ஆனால் அந்த முதல் தளிர் எப்படியும் உறைபனியில் கருகக்கூடியது. பின்னால் வரும் தளிர் பனிக்குத் தப்பிச் சீராக வளரும். மாட்டுக்கும் தீனி ஆயிற்று.

அறுவடையும் பக்குவமும்

இலை உதிர்ந்த பின் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை அறுவடை. அக்காலத்தில் வளைந்த அரிவாளால் ஒவ்வொரு தூராகக் குனிந்து, பனியிலும் சேற்றிலும் நின்று அறுத்தார்கள். இப்போது பெரும்பாலும் இயந்திரம். வயலில் தண்ணீர் நின்றால் பயிர் தாங்கும். இயந்திரம்தான் இறங்க முடியாது.

அறுத்ததைக் கட்டாகக் கட்டுவார்கள். கட்டின் அடிச்சுற்று 37 அங்குலம் என்பது அங்கே ஊரறிந்த அளவு. அடுத்து தரம் பிரித்தல். இதற்கு அவர்கள் கண்ட வழி வெகு எளிது. ஒரு பீப்பாயை மண்ணில் புதைத்து, அதற்குள் கட்டை நிறுத்தி, பக்கத்தில் அடிக்கோலை நட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கும் விளார்களை முதலில் உருவினால் அது எட்டடித் தரம், அடுத்து ஏழடி, இப்படி மூன்றடி வரை இறங்கி வரும். நீளம் கலந்து கிடக்கும் கட்டைக் கூடை முடைபவர் விரும்பமாட்டார். ஒரே நீளக் கட்டாகக் கொடுத்தால் வாங்கிய உடனே வேலையைத் தொடங்கலாம். பிரிக்கும் கூலி வியாபாரியின் கைக்குப் போகாமல் வளர்ப்பவர் கையில் நின்றது இதனால்தான்.

ஒரே வயல் விளாரில் மூன்று நிறச் சரக்கு எடுக்கிறார்கள். தோலோடு காயவைத்தது பழுப்புச் சரக்கு. உருளைக்கிழங்குக் கூடை, விறகுக் கூடை போன்ற முரட்டு வேலைக்கு ஆகும். குளிர்காலத்தில் அறுத்த கட்டுகளைச் சில அங்குலத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால், வசந்தத்தில் சாறு ஏறித் துளிர்விடும். அந்தத் தறுவாயில் உரித்தால் தோல் சுலபமாகக் கழன்று, உள்ளே பால் போல் வெளுத்த விளார் கிடைக்கும். இதுதான் வெள்ளைச் சரக்கு. மூன்றாவது, நீண்ட தொட்டியில் எட்டு முதல் பத்து மணி நேரம் தோலோடு வேகவைத்து உரிப்பது. தோலில் உள்ள துவர்ப்புச் சாயம் இறங்கி விளார் தேன் நிறம் கொள்ளும். வெள்ளைச் சரக்கு வசந்தத்தில் மட்டும்தான் கிடைக்கும். தேன் நிறச் சரக்கை எந்த மாதத்திலும் உரிக்கலாம். உரிப்புக்கு முன்னாளில் கவட்டை போன்ற ஓர் இரும்புக் கருவிதான். அதன் இடுக்கில் ஒவ்வொரு விளாராக இழுத்துத் தோலைக் கழற்றினார்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். கட்டுக் கணக்கில் கூலி. பிறகுதான் உரிக்கும் இயந்திரம் வந்தது.

முடைவதற்கு முன் விளாரை மறுபடி ஊறவைக்க வேண்டும். வெள்ளைக்கு ஓரிரு மணி போதும்; தோல் உள்ள சரக்குக்கு அடிக்கு ஒரு நாள் என்று கணக்கு. முடைபவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சரிவான பலகையை மடிமேல் வைத்துக்கொண்டு வேலை செய்வார். கத்தி, குத்தூசி, பின்னலைத் தட்டி இறுக்க ஓர் இரும்பு, ஆயுதம் அவ்வளவே. வயல் வேலை எவ்வளவு இயந்திரமயமானாலும் முடைவது இன்றும் கைவேலைதான்.

பிளாஸ்டிக் வந்தது

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளாருக்கு நல்ல கிராக்கி. ஆப்பிள், மீன், ரொட்டி, துணி, தபால் எல்லாம் கூடையில்தான் பயணம் செய்தன. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளைச் சுமக்கும் கூடைகள், இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து குடையில் இறக்கும் சாமான் கூடைகள் என்று அரசாங்கமே பெரிய வாடிக்கையாளராக இருந்தது. 1950களுக்குப் பின் அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக்கும் வந்தன. வெளிநாட்டிலிருந்து மலிவுக் கூடைகளும் இறங்கின. ஆயிரக்கணக்கான ஏக்கரில் இருந்த சாகுபடி, அந்த நூற்றாண்டின் முடிவில் சோமர்செட்டில் சுமார் 350 ஏக்கராகச் சுருங்கியது. பலர் தூரைப் பிடுங்கிவிட்டுப் புல் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விற்காத சரக்கை யார்தான் விளைவிப்பார்?

மிஞ்சியவர்கள் வேறு கிராக்கியைத் தேடினார்கள். ஸ்டோக் செயின்ட் கிரிகரி என்ற கிராமத்தில் 1819 முதல் வில்லோத் தொழில் செய்து வரும் கோட் குடும்பத்தார், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர்களுக்கான கரிக்குச்சி செய்யத் தொடங்கினார்கள். உரித்த விளாரைக் கனவாரியாகப் பிரித்து, நறுக்கி, காற்றுப் புகாத தகரப் பெட்டியில் அடைத்துச் சுட்டால் கரிக்குச்சி. கூடைக்கு ஆகாத துண்டும் இதற்கு ஆகும்! அந்தக் கரி பல நாடுகளுக்குப் போகிறது.

வெந்நீராவியைப் போல வெப்பக் காற்றால் மேலேறும் பலூன்களில் மனிதர் நிற்கும் தொட்டியைப் பிரம்பும் வில்லோவும் கொண்டு பின்னுகிறார்கள். தரையில் மோதும்போது பின்னல் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மரப்பலகைக்குப் பதில் விளாரால் முடைந்த சவப்பெட்டியைக் கேட்பவர்களும் அங்கே பெருகியிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனையோ கூடைக்கான விளார் செல்லும்.

ரகங்களும் அழியவில்லை. பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் 1922ல் தொடங்கிய வில்லோச் சேகரிப்பு, அந்த நிலையம் 2003ல் மூடப்பட்டபோதும் கைவிடப்படவில்லை. ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளோடு இருக்கிறது.

கரை கட்டவும் இதே விளார் பயன்படுகிறது. ஆறு அரிக்கும் இடத்தில் உயிருள்ள வில்லோக் கழிகளை வரிசையாக அடித்து, இடையில் பச்சை விளாரைக் கூடை போலவே பின்னி, பின்புறம் மண் நிரப்புகிறார்கள். குளிர்காலத்தில் வேலையை முடித்தால் கழி வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும். கோடையில் கரை முழுவதும் இலை தழைத்திருக்கும். நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட்டால், கரணைக்கும் வேறெங்கும் போக வேண்டாம்.