விலாவோரம் இரண்டு சிலிண்டர்கள்

இங்கிலாந்தின் மெண்டிப் மலைக் குகைகளுக்குள் 1960களில் நுழைந்தவர்கள் முக்குளிக்கப் போனவர்கள் அல்ல. தவழ்ந்து போகும் வழியில் நீர் நிறைந்த பொந்து குறுக்கிடும். அதைக் கடந்தால் மறுபுறம் மறுபடி உலர்ந்த பாதை. முதுகில் சிலிண்டரோடு அந்த இடுக்குகளில் நுழைய முடியாது. எனவே இடுப்புப் பட்டையில், உடம்பின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டார்கள். ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் முக்குளித்தவர்கள் பின்னர் இதை வளர்த்தெடுத்தார்கள். சிலிண்டரின் மேல்முனையை உடலோடு ஒட்டிப் பிடிக்க அவர்கள் பயன்படுத்தியது சைக்கிள் டியூப். இப்படிப் பக்கவாட்டில் மாட்டும் முறைக்குப் பெயர் சைட்மவுன்ட்; அதற்கான பட்டைக் கட்டமைப்பு ஹார்னெஸ். கடையில் வாங்கக்கூடிய சைட்மவுன்ட் ஹார்னெஸ்கள் 1990களில்தான் வரத் தொடங்கின. அதுவரை எல்லாம் வீட்டுத் தயாரிப்பு.

இன்றும் சாமான் அதிகமில்லை. 5 சென்டிமீட்டர் அகல நைலான் பட்டை, எஃகு டி-வளையங்கள், இரண்டு கால்களுக்கும் இடையே வரும் கவட்டைப் பட்டை, முதுகோடு ஒட்டிய காற்றுப்பை, அக்குளோரம் ஓடும் எலாஸ்டிக் கயிறு. சிலிண்டரின் கழுத்தை அந்தக் கயிறு பிடிக்கும். கீழ்ப்பகுதியில் ஒரு வளையப்பட்டையில் கட்டிய கொக்கி இடுப்பு வளையத்தில் மாட்டும். சிலிண்டருக்கு இந்த இரண்டு பிடிதான்.

எந்த ஹார்னெஸ் நல்லது என்று கேட்பவரிடம், எந்த சிலிண்டர் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். உலகெங்கும் முக்குளிப்பு மையங்களில் புழங்குவது சுமார் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர். நிரம்பியிருக்கும்போது அது நீரில் லேசாக மூழ்கும். அதிலுள்ள காற்றின் எடையே இரண்டரைக் கிலோவைத் தாண்டும். அது தீரத் தீர சிலிண்டர் மிதக்கத் தொடங்கி, அடிப்பாகம் மேலே எழும்பும். முக்குளிப்பின் தொடக்கத்தில் உடம்போடு இணையாகக் கிடந்தது, முடிவில் பின்னால் வால்போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது கீழ்க்கொக்கியைக் கழற்றி, இடுப்பின் முன்பக்கமுள்ள வளையத்துக்கு மாற்றினால் சிலிண்டர் மறுபடி படியும். ஆகவே அலுமினியத்துக்கு இடுப்புப் பட்டையில் நகர்த்தி வைக்கக்கூடிய டி-வளையங்கள் வேண்டும். எஃகுச் சிலிண்டரின் கதை வேறு. பெரும்பாலானவை காலியானாலும் மூழ்கவே செய்யும், கீழே தொங்கும். அதை இடுப்புக்குப் பின்னால், பிட்டத்தின் மேலிருக்கும் தகட்டில் மாட்டுவதே வசதி. காற்றுப்பையின் தூக்கு விசையும் அந்தக் கனத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். விளம்பரப் படத்தின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு சிலிண்டர் தேடுபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எலாஸ்டிக் கயிற்றின் நீளமே பொறுமையைச் சோதிக்கும். தளர்ந்தால் வால்வு வயிற்றுப் பக்கம் சரியும்; இறுகினால் சிலிண்டரை மாட்டவே கை வலிக்கும். வால்வு அக்குளுக்குக் கீழே ஒட்டி நின்றால் சரி. கரையில் கண்ணாடி முன் நின்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது. நீச்சல்குளத்தில் கிடைமட்டமாக மிதக்கும்போது யாராவது பக்கவாட்டிலிருந்து படமெடுத்துக் காட்ட வேண்டும். பார்த்துத் திருத்தி மறுபடி இறங்க வேண்டும். மிஞ்சும் பட்டையை அதற்குப் பிறகு வெட்டலாம், முன்னால் கூடாது.

இவ்வளவு சிரமம் எதற்கு? முதுகில் சிலிண்டர் இருந்தால் வால்வு தலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். இங்கே அது மார்புக்கு அருகே. சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் காற்று தானாகப் பீறிட்டால் வால்வை உடனே மூடலாம். மூச்சிழுக்கும்போது மட்டும் திறந்து அந்தச் சிலிண்டரின் காற்றையும் பயன்படுத்தலாம். பதிலுக்கு ஒரு கடமை உண்டு. இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே இணைப்புக் குழாய் கிடையாது. ஒன்றிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் அது காலியாகும், உடம்பும் ஒரு பக்கம் சாயும். அதனால் அழுத்தமானிகளைப் பார்த்துப் பார்த்து, வாயிலுள்ள ரெகுலேட்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதற்கே நிறைய நேரம் போகும். வீட்டில் ஹார்னெஸ் தைக்கத் தெரிந்தவருக்கும் அந்த வகுப்பு தேவைதான்.

ஒற்றைச் சிலிண்டரோடு 12 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை பார்த்துத் திரும்புபவருக்கு இதெல்லாம் அதிகப்படி. முதுகுவலிக்காரர்களுக்கு மட்டும் வேறு கணக்கு: சிலிண்டர்களைத் தனித்தனியாக நீரில் இறக்கச் சொல்லி அங்கேயே மாட்டிக்கொள்ளலாம், ஏறும்போது கழற்றிப் படகிலிருப்பவர் கையில் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏணியைப் பிடிக்கலாம்.